அப்பா குளிக்கிறார்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு காலத்தில் யார் வீட்டுக்குப் போன் போட்டாலும் அந்த வீட்டு அப்பா குளித்துக்கொண்டிருந்தார். காலை பத்து மணிக்கும் குளித்தார், மத்தியானம் மூன்று மணிக்கும் குளித்தார். கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் தண்ணீர் வெட்டு வந்து, லோரியில் வரும் தண்ணீருக்கு வாளியும் கையுமாக நாங்கள் வரிசையில் நின்ற மாதங்களில்கூட அவர் குளியலை விடவில்லை.

"உங்க வீட்ல மட்டும் எப்படிலா தண்ணி வருது?" என்று எங்கள் அலுவலகத்துத் தலைமைக் கிளார்க் என்னைக் கேட்டார். "லீவு நாள்ல ஒரு பைல் எங்கன்னு கேக்க மூணு தடவ போன் பண்றேன். மூணு தடவையும் உங்க மக அப்பா குளிக்கிறாருன்னு சொல்லுது. எங்க வீட்ல குழம்பு வைக்கவே தண்ணி இல்ல!"

நான் அன்று காய்கறி வாங்கப் பாசாரிலும் பிறகு முடிதிருத்தும் கடையிலுமாக இருந்தேன். மனைவி கிளினிக்கில் வேலையில் இருந்தாள். ஒன்பது வயது மகள் வீட்டில் தனியாக இருந்தாள். தனியாக இருக்கிற பிள்ளை போனில் "அப்பா இல்லை" என்று சொல்லக்கூடாதாம். "அப்பா குளிக்கிறார்" என்று சொல்ல வேண்டுமாம். வீட்டில் ஓர் ஆம்பிளை இருக்கிறார், ஆனால் இப்போதைக்குப் போனுக்கு வரமுடியாது. இரண்டும் ஒரே வரியில் முடிந்துவிடும். எதிர்முனையில் இருப்பவன் நல்லவனாக இருந்தால் பிறகு கூப்பிடுவான். கெட்டவனாக இருந்தால் அவன் வழியைப் பார்த்துக்கொண்டு போவான்.

இத்தனை அப்பாக்களையும் குளிக்க வைத்தவர் ஒரே ஒரு பெண்மணி. அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. பிள்ளைகள் டீச்சர் என்றார்கள். நாங்கள் ஆப்பரேட்டர் அக்கா என்றோம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்திரண்டு வருஷம் ட்ரங்க் கால் இணைத்துக் கொடுத்தவர். இயந்திரங்கள் வந்து அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டதும், போங்கடா என்று ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். எக்ஸ்சேஞ்சின் ஏர்கோன் குளிருக்காக வாங்கிய சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையை எங்கள் ஊர் வெயிலிலும் போட்டுக்கொண்டு வருவார். யாராவது பேசினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முகத்தைப் பார்த்தால் குரல் சரியாகக் கேட்காது என்பார்.

யாழ்ப்பாணத்து வழி வந்த அரசாங்க உத்தியோகக் குடும்பம். அதனால் அவர் பேச்சு எங்கள் பேச்சு மாதிரி இருக்காது. 'யாரு' என்று நாங்கள் சொல்லுமிடத்தில் 'ஆர்' என்பார். அவரிடம் எதைக் கேட்டாலும் முதலில் வரும் பதில், "ஆர் கேக்கிறது?" என்பதுதான்.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருநாள் வாய்தவறி, "அக்காவுக்கு வீடு எங்க?" என்று கேட்டுவிட்டார்.

"ஆர் கேக்கிறது?"

"நான்தான் அக்கா. தெனமும் சோறு போடறேனே!"

"சோறு போடுறதுக்கு வீடு எதுக்கு?"

"சும்மாதான் அக்கா..."

"பஸ் போற வழியில" என்று சொல்லிவிட்டு ரசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தக் கடையில் அது ஒரு பந்தயமாகவே ஆகிவிட்டது. செராஸ் என்று ஒரு கட்சி, பெட்டாலிங் ஜெயா என்று ஒரு கட்சி. நான் கிள்ளான் கட்சி. அவரோ ஒருநாள் இந்தப் பக்க பஸ்ஸிலும் மறுநாள் எதிர்ப்பக்க பஸ்ஸிலும் ஏறிப் போவார். எங்களுக்காகவே சுற்றிக்கொண்டு போனாரோ என்று இப்போதும் எனக்குச் சந்தேகம் உண்டு.

எழுதிய எந்தச் சீட்டையும் முழுதாகக் குப்பையில் போடமாட்டார். நான்காகக் கிழித்து, இரண்டு துண்டைக் குப்பைத் தொட்டியில் போட்டு, மிச்ச இரண்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போவார். கத்தரிக்காய், வெங்காயம் என்று எழுதிய பாசார் சீட்டுக்கும் இதே மரியாதைதான்.

இன்டர்நெட் என்ற சொல் எங்கள் பேட்டைக்கு வந்து சேர்ந்த புதிது அது. எங்கள் வாசகசாலைச் சங்கத்துக்கு யாரோ ஒரு புண்ணியவான் இரண்டு கம்ப்யூட்டர் கொடுத்திருந்தார். கடைவீட்டின் மாடியில், பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவே அவற்றை வைத்தோம். நான் சங்கத்தின் செயலாளர். பிள்ளைகளுக்கு இன்டர்நெட் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினேன். வந்தது இவர் ஒருவர்தான். சனிக்கிழமை நான்கு மணிக்கு வகுப்பு என்று முடிவாயிற்று. பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்தார்கள், என் மகளும் ஒருத்தி.

முதல் நாளே பிள்ளைகளின் பெயரைப் பறித்துவிட்டார். கம்ப்யூட்டருக்குள் சொந்தப் பெயரில் போகக்கூடாது என்று ஆளுக்கொரு காய்கறிப் பெயர் வைத்தார். கத்தரிக்காய், முருங்கைக்காய், பீர்க்கங்காய். என் மகளுக்குப் பாகற்காய். "ஏன் டீச்சர் எனக்கு மட்டும் கசப்பு?" என்று அவள் அழுதாள். "கசந்தால்தான் ஒருத்தனும் கடிக்கமாட்டான்" என்று பதில் வந்தது. இந்தக் கட்டுரையில் நானும் அவளைப் பாகற்காய் என்றே சொல்லப்போகிறேன்.

நான்கு வாரம் கம்ப்யூட்டரின் சுவிட்சையே அவர் தொடவிடவில்லை. இரண்டாவது வாரமே பெற்றோர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "மேல என்னதான் நடக்குது? பிள்ளைங்க சீட்டு எழுதி விளையாடுதாமே?" என்றார் முருங்கைக்காயின் அம்மா. செயலாளர் என்ற முறையில் விசாரிக்க மாடிக்குப் போனேன்.

அறையின் குறுக்கே நைலான் கயிறு கட்டி நீலப் படுக்கைவிரிப்பு ஒன்று தொங்கியது. பிள்ளைகள் அந்தப் பக்கம். அக்கா என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்து, ஓசைப்படாமல் இந்தப் பக்கம் உட்காரவைத்தார். ஒரு பிஸ்கட் டின் மூடி, கொஞ்சம் சீட்டு, ஒரு பென்சில். படுதாவுக்கு அடியில் மூடியைத் தள்ளினால் சீட்டு அந்தப் பக்கம் போகும், பதில் இந்தப் பக்கம் வரும். எங்கள் வகுப்பின் முதல் இன்டர்நெட் அந்த பிஸ்கட் டின் மூடிதான்.

"நீங்கள் பத்து வயசுப் பெம்பிளைப் பிள்ளை" என்று என் காதில் சொன்னார். "ஒரு பூனையும் வளர்க்கிறீங்கள். மிச்சத்தை நீங்களே பாருங்கோ."

நல்ல வேடிக்கையாக இருக்கிறதே என்று குண்டு குண்டாக எழுதினேன். 'நான் ஒரு பொண்ணு. பத்து வயசு. என்கிட்ட வெள்ளப் பூனை இருக்கு. உனக்குப் பூனை பிடிக்குமா?'

மூடி திரும்பி வந்தது. 'ரொம்பப் பிடிக்கும். அம்மா வேணாம்னு சொல்றாங்க. உன் பூனைக்கு என்ன பேரு?'

கையெழுத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அந்தப் பக்கம் இருப்பது என் பாகற்காய்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தொடர்ந்து எழுதினேன். அம்மா வீட்டில் இருப்பாங்களா? இல்லை, கிளினிக் போயிருவாங்க, அஞ்சு மணிக்குத்தான் வருவாங்க. அப்பா? ஆபீஸ். அப்போ பள்ளி விட்டு வந்தா யார் கதவைத் திறப்பா? நானே திறப்பேன், சாவி செருப்பு அலமாரியில் அப்பாவோட பழைய சப்பாத்துக்குள்ள இருக்கும். பூனையைக் கொண்டுவந்து காட்டவா? வா வா! ஏழாவது சீட்டில் வீட்டு நம்பரும், ரயில்வே குவாட்டர்ஸில் பெரிய மரத்தடியில் திரும்ப வேண்டிய வளைவும், படம் போட்டு வந்தது. கீழே 'உன் தோழி' என்று எழுதி, ஒரு பூனை முகமும் வரைந்திருந்தாள்.

அதற்குள் என் சிரிப்பு நின்றுவிட்டது. பத்து நிமிஷத்துக்குள் என் வீட்டைத் திறந்து என் கையிலேயே கொடுத்துவிட்டாள் என் பிள்ளை. கேட்டது நானாக இருந்ததால் பிழைத்தோம்.

அக்கா படுதாவை விலக்கினார். பத்து வயதுத் தோழி இருந்த இடத்தில் மீசை வைத்த அப்பாவைப் பார்த்ததும் மற்ற பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். பாகற்காய்க்கு முகம் சுருங்கியது. நான் அதட்ட வாயைத் திறந்தேன்.

"தம்பி, ஏசக்கூடாது" என்றார் அக்கா. "பிழை பிள்ளையில இல்லை. பெரியாக்கள் கேட்டால் சொல்லவேணும் எண்டு நீங்கள் பழக்கினீங்கள், அவ சொன்னா. நல்லா வளர்ந்திருக்கிறா. அதுதான் கரைச்சல்." பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "ஏமாந்துபோனால் என்ன செய்யவேணும்?"

"வீட்டில வந்து சொல்லணும்!" என்று பன்னிரண்டு காய்கறியும் கத்தின.

"சொன்னால் அப்பா என்ன செய்வார்?"

பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "ஏசமாட்டேன்" என்றேன். சத்தமாகச் சொல்லச் சொன்னார். இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் ஒவ்வோர் அப்பாவாக, அம்மாவாகப் படுதாவுக்குப் பின்னால் போய்விட்டு, வெளுத்த முகத்தோடு வெளியே வந்து, ஏசமாட்டேன் என்று சத்தமாகச் சொன்னார்கள். முருங்கைக்காயின் அம்மா இரண்டு நாள் தூங்கவில்லையாம்.

ஐந்தாவது வாரம் கம்ப்யூட்டர் திறந்தது. டெலிபோன் கம்பி கீச்சென்று கத்தி ஓய்ந்ததும், சிறுவர்கள் அரட்டை அடிக்கும் ஒரு பக்கத்துக்குள் பீர்க்கங்காய் போனாள். போன மறுநொடியே எவனோ கேட்டான், வயசென்ன, ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று.

"பாத்தீங்களோ" என்றார் அக்கா. "கல்யாண வீட்டில ஊர் பேர் விசாரிக்கிற எங்கட ஆள் ஒருத்தர் இங்கயும் வந்து குந்தியிருக்கிறார்."

பீர்க்கங்காய் யோசித்தாள். போனுக்கென்று டீச்சர் சொல்லித்தந்திருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தாள். 'என் அப்பா குளிக்கிறார்' என்று ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். எந்த தேசத்தில் உட்கார்ந்திருந்தானோ அந்த மனிதன், அதற்கப்புறம் அவனைக் காணோம். மாடி அதிரும்படி பிள்ளைகள் குதித்ததில், கீழே இருந்த பூக்கடைக்காரர் மேலே ஓடிவந்துவிட்டார்.

வகுப்பில் கற்றது வகுப்போடு நின்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை. கிள்ளானில் ஒரு கல்யாணம். எங்கள் சங்கத் தலைவரும் வந்திருந்தார். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், தங்கமான மனுஷன். எந்தக் கல்யாணத்திலும் சட்டைப்பை நிறைய மிட்டாய் வைத்திருப்பார். கண்ணில் படும் பிள்ளையை நிறுத்தி, யார் வீட்டுப் பிள்ளை, தாத்தா எந்த எஸ்டேட் என்று கேட்டு, பதில் வந்ததும் மிட்டாய் கொடுப்பார். அன்று அவர் நிறுத்தியது பாகற்காயை.

"யாரு வீட்டுப் புள்ள கண்ணு நீ? வீடு எங்க?"

"நீங்க யாரு கேக்கறது?" என்றாள் என் மகள். கல்யாண மண்டபத்தில் ஒரு பகுதியே திரும்பிப் பார்த்தது. "உங்களுக்கு எதுக்குத் தெரியணும்?"

தலைவர் கையில் எடுத்த மிட்டாயை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் முகம் அடிபட்ட மாதிரி ஆகிவிட்டது. எனக்கு மானம் போயிற்று. ஏசமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்ததால் மகளை ஏசவும் முடியவில்லை.

அதே மாதத்தில் இன்னும் நாலைந்து பெரியவர்களுக்கு இதே வரவேற்பு கிடைத்தது. கத்தரிக்காய் கோயிலில் அர்ச்சகரையே கேட்டுவிட்டான். பேர், நட்சத்திரம் என்று அவர் கேட்க, "எதுக்கு?" என்று இவன். வகுப்பை நிறுத்த வேண்டும் என்று பேச்சு எழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் குழு கூடுவது என்று முடிவாயிற்று. ஒன்பது பேர் குழு. தொடர்வதற்கு ஐந்து கை உயர வேண்டும். உயர்ந்தால் வகுப்பு உண்டு, இல்லையென்றால் படுதாவைச் சுருட்ட வேண்டியதுதான்.

அந்த வாரம் அக்கா என்னிடம் ஒரு தடவை, "பிள்ளையள் பாதி வழியில நிக்குதுகள், தம்பி" என்றார். அவர் குரல் தழுதழுத்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கூட்டம் ஆரம்பித்ததும் தலைவர் எழுந்து பேசினார். "தோட்டத்த துண்டு போட்டு வித்தப்போ நம்ம ஆளுங்க நாலா பக்கமும் செதறிப் போனோம். யாரு வீட்டு புள்ள, எந்த எஸ்டேட்டுனு கேட்டுக் கேட்டுத்தான் நான் உங்க பாதிப் பேரக் கண்டுபுடிச்சேன். அந்தக் கேள்வியக் கேக்கக் கூடாதுன்னா, நமக்குள்ள என்னதான் மிச்சம்?"

அவர் சொன்னது எங்கள் எல்லார் நெஞ்சிலும் போய் விழுந்தது. அக்காவும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டார்.

"நீங்கள் கேளுங்கோ ஐயா, அதில பிழையில்லை" என்றார். "முதல்ல உங்கட பேரைச் சொல்லிப்போட்டுக் கேளுங்கோ. அதைத்தான் பிள்ளையள் எதிர்பார்க்குதுகள்." பிறகு கைப்பையிலிருந்து ஒன்பது சீட்டு எடுத்து மேசையில் வைத்தார். "போன கிழமை உங்கள் ஒம்பது பேருக்கும் ஒரு போன் வந்தது."

ஆமாம், வந்தது. எனக்கும் வந்தது. கிள்ளானிலிருந்து ஒரு வயதான அம்மாள், எங்கள் பேச்சிலேயே, கொஞ்சம் மூச்சு வாங்க. "தம்பி, என்னைத் தெரியலையா? ஒங்க சித்தப்பா வழியில ஒறவுதான்யா. மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். பத்திரிகை வைக்க நேர்ல வரணும். எப்ப வீட்ல இருப்பீங்க?" எனக்குத் தெரியவில்லைதான். ஆனால் சொந்தக்காரியிடம் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? அதுவும் கல்யாணப் பத்திரிகை கொண்டுவருகிற சொந்தக்காரியிடம்? "அட, நீங்களா! தெரியாமயா?" என்றேன்.

அக்கா முதல் சீட்டை எடுத்து வாசித்தார். பெயர் சொல்லவில்லை. "இந்த வீட்டில செவ்வாயும் வெள்ளியும் காலமை ஆக்கள் இல்லை." அடுத்த சீட்டு. "இவை பொங்கலுக்கு ஒரு மாசம் இந்தியா போகினம். நாயை மருமகன் வீட்டில விடுகினம்." தலைவர் நாற்காலியில் நெளிந்தார். அடுத்த சீட்டு. "இந்த வீடு தைப்பூசத்துக்கு முதல் நாள் தொடங்கி ரெண்டு நாள் பூட்டு. குடும்பத்தோட பத்துமலையில. சாவி இடப்பக்கத்து வீட்டில."

அது என் வீடு. போனில் பேசிய கிள்ளான் அம்மாள் அக்காவேதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒன்பதையும் வாசித்து முடித்தார். "ஒருத்தரும் 'ஆர் கேக்கிறது' எண்டு கேக்கேல்லை. பெரியாக்கள் எங்களுக்கே இப்பிடியெண்டால், ஒம்பது வயசுப் பிள்ளை என்ன செய்யும்?" என்றவர், அந்தச் சீட்டுகளை நான்கு நான்காகக் கிழித்தார். ஒவ்வொருவருக்கும் அவரவர் சீட்டில் இரண்டு துண்டைக் கொடுத்தார். மிச்சத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியாது. ஆனால் ஒன்பது பேரைச் சேர்த்து உட்காரவைத்து, நீங்கள் ஏமாந்தவர்கள் என்று காட்டிவிட்டு, இப்போது கை தூக்குங்கள் என்றால் யாருக்குக் கை எழும்பும்? நான்கு கை எழுந்தது. ஐந்தாவது கைக்காக எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாகற்காயின் அப்பா, செயலாளர், வகுப்பை ஆரம்பித்தவன்.

என் கை மடியிலேயே கிடந்தது. என் வீட்டுச் சாவி இருக்குமிடத்தை இரண்டாவது தடவையாகவும் சபையில் வைத்துவிட்டாரே என்ற கோபம். மண்டபத்தில் போன மானம் வேறு. இவ்வளவு அற்பமான காரணத்துக்காகத்தான் தூக்கவில்லை, அதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது. நிகழ்ச்சிக் குறிப்பில் 'அறை பழுதுபார்க்கப்படுவதால் வகுப்பு நிறுத்தப்படுகிறது' என்று என் கையாலேயே எழுதினேன். அந்த அறையில் ஓர் ஆணிகூடப் பழுதாகவில்லை.

அக்கா படுதாவை அவிழ்த்து மடித்தார், பிஸ்கட் டின் மூடியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். மாடிப்படியில் என்னைக் கடக்கும்போது நின்றார்.

"தம்பி, சாவியை வேற இடத்துக்கு மாத்தினீங்களோ?"

"மாத்திட்டேன் அக்கா."

"எங்க வச்சீங்கள்?"

"இப்ப அது பின்பக்கம்..." என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் ஒரு விரலை உயர்த்தினார். நான் வாயை மூடினேன். அவர் இறங்கிப் போய்விட்டார். எந்தப் பக்கத்து பஸ்ஸில் ஏறினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு வருஷங்கள் ஓடின. குவாட்டர்ஸை இடித்தார்கள், நாங்கள் பிரிக்பீல்ட்ஸை விட்டுப் போனோம். தலைவர் தம் கடைசிக் காலம்வரை பிள்ளைகளை நிறுத்தி, முதலில் தம் பெயரைச் சொல்லிவிட்டு, பிறகுதான் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். அதை நானே பார்த்தேன். வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்து, அது கைக்குள்ளேயும் வந்தது. பன்னிரண்டு காய்கறிகளும் இன்றைக்கும் ஒருவரையொருவர் காய்கறிப் பெயரில்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

பாகற்காய்க்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை அச்சாகி வந்த அன்று அவள் சொன்னாள். "மொதப் பத்திரிகை டீச்சருக்குப்பா. நீங்கதான் நேர்ல வைக்கணும்." ஏன் நானே வைக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அந்த ஐந்தாவது கையின் கதை அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும்.

தேடினேன். டெலிபோன் புத்தகத்தில் இல்லை. வாழையிலைக் கடைக்காரர் இன்னும் செராஸ் என்றே சாதித்தார். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தன்னைப் பற்றி யாருக்கும் ஒன்றும் சொல்லாத மனுஷியை யாரிடம் போய் விசாரிப்பது? கடைசியில் முருங்கைக்காய்க்குத் தெரியும் என்று தெரிந்தது. நம்பர் கேட்டேன்.

"யாருக்கு வேணும் அங்கிள், எதுக்கு?" என்றாள் முருங்கைக்காய். நம்பரை உடனே தரவில்லை. டீச்சரிடம் கேட்டுவிட்டு இரண்டு நாள் கழித்துத் தந்தாள். "நம்பர் கொடுக்கலாமாம். பேசறது அவங்க இஷ்டமாம்."

அழைத்தேன். மணி நெடுநேரம் அடித்தது.

"ஹலோ. ஆர் கேக்கிறது?"

குரலில் வயதேறியிருந்தது. வேறெந்த மாற்றமும் இல்லை. வாசகசாலையின் பெயரையும் என் பெயரையும் சொன்னேன்.

"அவ குளிச்சுக்கொண்டிருக்கிறா" என்றது குரல். போன் வைக்கப்பட்டது.

மறுநாளும் அழைத்தேன். அவ குளித்துக்கொண்டிருந்தா. இந்த முறை போனை வைக்க நான் விடவில்லை. "சரிங்க. அவங்க குளிச்சிட்டு வந்ததும் ஒண்ணு சொல்லிருங்க. அன்னிக்கு என் கையத் தூக்கிருக்கணும். தூக்கல. தப்பு என்மேலதான். அறைய ரிப்பேர் பண்றோம்னு எழுதினது பொய்" என்றேன். "சொல்லுறன்" என்றது குரல். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் பாகற்காய் போனை என் கையிலிருந்து வாங்கி, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"டீச்சர், பாகற்காய் பேசறேன்."

"பாகற்காய் எண்டு ஆரும் சொல்லலாம். அத்தாட்சி என்ன?"

"கேளுங்க டீச்சர்."

"உங்கட வீட்டுச் சாவி எங்க இருக்கு?"

என் மகள் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. அச்சு அசலாக அதே குரலில், அதே இழுப்போடு கேட்டாள்.

"ஆர் கேக்கிறது?"

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. அக்கா சிரித்து நான் கேட்டது அன்றுதான். சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். என் மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது, எனக்கும்தான்.

"எழுதிக்கொள், பிள்ளை" என்று முகவரியைச் சொன்னார். செராஸும் இல்லை, பெட்டாலிங் ஜெயாவும் இல்லை, கிள்ளானும் இல்லை. எந்த ஊர் என்று நான் சொல்லமாட்டேன். "சனிக்கிழமை நாலு மணிக்கு வீட்டில நிப்பன். வாங்கோ."

தான் எப்போது வீட்டில் இருப்பேன் என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. மகள் தேதியைக் குறித்துக்கொண்டு போனை வைக்கப் போனாள்.

"பிள்ளை" என்றது குரல். "அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. அவர் குளிச்சு முடிச்சிட்டாரெண்டால்."